கோஜு-ரியூ கராத்தே எங்கிருந்து வந்தது, யார் வழியாக வந்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோஜு-ரியூ வகுப்பில் புதிதாகச் சேர்பவர்களும், பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட பெற்றோரும், வேறு பாணி பயிலும் நண்பர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். குரு பரம்பரை என்று வந்துவிட்டால் பலரும் ஆயிரம் வருடக் கதையைத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தப் பாணியின் உண்மையான வரலாறே அவ்வளவு சுவையாக இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை என்பது என் எண்ணம். ஆதாரம் உள்ளதையும் வாய்வழிக் கதையையும் முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன்.

கோஜு-ரியூ ஜப்பானியக் கலையா, ஒகினாவாக் கலையா, சீனக் கலையா?

மூன்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் பிறந்த ஊர் எது என்று கேட்டால் நாஹா, அதாவது ஒகினாவாத் தீவின் துறைமுக நகரம். ஒகினாவா அப்போது ஜப்பானின் ஒரு மாவட்டம் இல்லை, ரியூக்யூ என்ற தனி அரசு. 1609-இல் தெற்கு ஜப்பானின் சத்சுமா படையெடுத்து வந்து அடக்கிய பிறகும் ரியூக்யூ மன்னர்கள் சீனப் பேரரசருக்குத் திறை அனுப்புவதை நிறுத்தவில்லை. 1879-இல்தான் ஜப்பான் அந்த அரசைக் கலைத்துவிட்டுத் தன் மாவட்டமாக ஆக்கிக்கொண்டது. இந்தப் பாணியின் முதல் ஆசிரியர் பிறந்தது அதற்கு முன்னால்.

சீனத் தொடர்பும் யாரோ பின்னால் ஒட்டவைத்தது இல்லை. 1392-இலிருந்து ஃபூஜியன் மாகாணத்துக் குடும்பங்கள் நாஹாவை ஒட்டிய குமே கிராமத்தில் குடியேறி, மொழிபெயர்ப்பாளர்களாகவும் கப்பல் வேலை தெரிந்தவர்களாகவும் அரசுக்குப் பணி செய்தார்கள். எதிர்க்கரையில் ஃபூஜோ நகரத்தில் ரியூக்யூக்காரர்கள் தங்குவதற்கென்றே ஒரு விடுதி இருந்தது. வணிகத்துக்கும் படிப்புக்கும் போனவர்கள் மாதக்கணக்கில் அங்கே இருந்தார்கள், அப்படிப் போனவர்கள் சிலர் அங்கே குத்துக்கலையும் கற்றார்கள்.

ஜப்பானியக் கலை என்ற அடையாளம் கடைசியில் வந்தது. இன்று ஜப்பானில் ஷோட்டோகான், கோஜு-ரியூ, ஷிட்டோ-ரியூ, வாடோ-ரியூ என்று நான்கு பெரிய பாணிகளைச் சொல்வார்கள், அவற்றில் ஒன்று இது.

நாஹா-தே என்கிறார்களே, அது என்ன?

நாஹா வட்டாரத்தில் சொல்லிக்கொடுக்கப்பட்ட கைக்கலை. அரண்மனை இருந்த ஷூரியின் கலை ஷூரி-தே, அதன் அருகே இருந்த டோமாரியின் கலை டோமாரி-தே. இந்த மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று நடந்தே போகிற தூரத்தில்தான் இருந்தன, ஆசிரியர்களும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அதனால் ஊருக்கு ஒரு கலை என்று கோடு கிழித்துப் பிரிப்பது ஓரளவுக்குத்தான் பொருந்தும்.

பரம்பரையின் முதல் ஆசிரியர் யார்?

உறுதியாகக் கை வைத்துக் காட்டக்கூடிய முதல் ஆள் ஹிகாவொன்னா கான்ரியோ. 1853-இல் நாஹாவில் பிறந்தவர். குடும்பத் தொழில் விறகு வியாபாரம், சிறிய படகில் கெராமா தீவுகளுக்குப் போய் விறகு ஏற்றி வந்து நாஹாவில் விற்பார்கள். இளம் வயதிலேயே அராகாகி செய்ஷோ என்பவரிடம் பயிற்சி தொடங்கினார். அராகாகி அரசின் சீன மொழிபெயர்ப்பாளர். 1867-இல் ஷூரியில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் அவர் செய்சான் உள்ளிட்ட கட்டாக்களை, அதாவது தனி ஆளாகச் செய்யும் வரிசைப்படுத்திய அசைவுத் தொகுப்புகளை, செய்து காட்டியதற்குப் பதிவு இருக்கிறது. இந்த ஒரு தகவலை மனதில் வையுங்கள், கீழே கட்டா பற்றிய கேள்வியில் இது தேவைப்படும்.

அப்புறம் ஹிகாவொன்னா ஃபூஜோ போனார். போன வருடத்தை ஒரு கிளை ஒரு மாதிரி சொல்லும், இன்னொரு கிளை வேறு மாதிரி சொல்லும், 1860களின் கடைசியிலிருந்து 1870களுக்குள் வரும். அங்கே பல வருடங்கள் ரியூ ரியூ கோ என்ற ஆசிரியரிடம் கற்றுவிட்டுத் திரும்பினார். திரும்பியதும் பெயர்ப்பலகை மாட்டிப் பள்ளி தொடங்கவில்லை, விறகு வியாபாரத்துக்கே போனார். வீட்டு முற்றத்தில் சிலருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தார், அதுவும் மிகக் கடுமையாக. 1905 வாக்கில்தான் நாஹா வணிகப் பள்ளியில் மாணவர்களுக்கு வெளிப்படையாகக் கற்பிக்கத் தொடங்கினார். 1915-இல் இறந்தார்.

அவரிடம் கற்றவர்களில் மூன்று பேர் முக்கியம்: மியாகி சோஜுன், கியோடா ஜுஹாட்சு, மபுனி கென்வா. இந்த மூவரின் பாணிகளையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஹிகாவொன்னா எதைச் சொல்லிக்கொடுத்தார் என்பதே ஓரளவு தெரியும், ஏனென்றால் அவர் எழுதிவைத்தது எதுவும் நம் கைக்கு வரவில்லை.

ரியூ ரியூ கோ என்பவர் உண்மையில் இருந்தாரா?

இருந்தார் என்றுதான் எல்லாக் கிளைகளும் சொல்கின்றன. யார் என்பதில்தான் சண்டை.

வாய்வழிக் கதைப்படி அவர் மூங்கில் வேலை செய்து பிழைத்தவர், ஹிகாவொன்னா அவர் வீட்டிலேயே வேலைக்கு ஒத்தாசையாக இருந்து, ஆசிரியரின் நம்பிக்கையைப் பெற்ற பிறகே பாடம் கிடைத்தது. வெள்ளத்தில் அடித்துப்போன ஆசிரியரின் மகளை ஹிகாவொன்னா காப்பாற்றியதாகக்கூட ஒரு கதை உண்டு. இதற்கெல்லாம் எழுத்து ஆதாரம் கிடையாது.

பிற்பாடு ஒகினாவா ஆய்வாளர்கள் சிலர் ஃபூஜோவுக்கே போய்த் தேடி, அவர் ஷியே சோங்ஷியாங் என்பவராக இருக்கலாம் என்றார்கள். இந்த ஷியே 1852-இல் பிறந்து 1930 வரை வாழ்ந்தவர், செருப்புத் தைக்கும் தொழில், கூவும் கொக்குப் பாணி என்ற குத்துக்கலையின் தலைவர். "ரூ ரூ" என்ற செல்லப்பெயரும் அவருக்கு இருந்தது. கேட்கும்போது பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் வயதைப் பாருங்கள். ஹிகாவொன்னாவைவிட ஒரே ஒரு வயதுதான் மூத்தவர். ஒகினாவாவில் ஏற்கெனவே கற்றுவிட்டுப் போன இளைஞனுக்கு, தன்னைவிட ஒரு வயது மூத்தவர் வருடக்கணக்கில் ஆசிரியராக இருந்திருப்பாரா? நடக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு அது மனதுக்கு ஒட்டவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரியூயெய்-ரியூ என்று ஒகினாவாவில் வேறொரு பாணி உண்டு, டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டாவில் தங்கம் வாங்கிய கியூனா ரியோ அந்தப் பாணிக்காரர். அந்தப் பாணியைத் தொடங்கிய நகாய்மா நோரிசாதோ தன் சீன ஆசிரியராகச் சொன்ன பெயரும் ஏறக்குறைய இதேதான், ஆனால் அந்தக் குடும்ப மரபுப்படி அவர் ஃபூஜோ போனது 1840-ஐ ஒட்டி. ஷியே அப்போது பிறக்கவே இல்லை. ஆக ஒரே பெயரில் இரண்டு ஆசிரியர்கள் இருந்திருக்க வேண்டும், அல்லது யாரோ ஒருவர் கதையில் காலம் தவறியிருக்க வேண்டும்.

அதனால் வகுப்பு விளம்பரத்தில் "ரியூ ரியூ கோவுக்கு முந்தைய பத்துத் தலைமுறை" என்று பட்டியல் போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம். இந்தக் கண்ணியே ஆட்டம் காண்கிறது, அதற்கு மேலே கட்டுவது எதுவும் நிற்காது.

காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே இதற்கெல்லாம் மூலம்?

நம் ஊரில் இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. நேராகச் சொல்கிறேன், கோஜு-ரியூவைப் போதிதர்மரோடு இணைக்கும் ஆதாரம் எதுவும் இல்லை.

போதிதர்மர் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547-ஐ ஒட்டிய லூயாங் நகரத்து மடாலயங்கள் பற்றிய பதிவு, அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. கிட்டத்தட்ட அதே காலத்துச் சீடர் வட்டத்துக் குறிப்பு ஒன்று தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சி, பல்லவர் என்ற அடையாளமெல்லாம் பின்னால் வந்த மரபு. அவர் தென்னிந்தியர் என்பதை நான் மறுக்கவில்லை, அதற்கு நல்ல அடிப்படை இருக்கிறது. ஆனால் இந்தப் பழைய குறிப்புகள் எதிலும் அவர் சண்டைக்கலை சொல்லிக்கொடுத்ததாக ஒரு வரிகூட இல்லை, தியானம்தான் இருக்கிறது. ஷாவோலின் துறவிகளுக்கு அவர் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார் என்ற கதை தசைநார் மாற்ற நூல் என்ற ஒரு நூலிலிருந்து கிளம்பியது. அந்த நூல் எழுந்தது 1624-இல், பழையதாகக் காட்டுவதற்காகப் பொய் முன்னுரைகளும் சேர்த்திருக்கிறார்கள். போதிதர்மர் காலத்துக்கும் அதற்கும் ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி.

ஃபூஜியன் பக்கத்துக் கதையைக் கேட்டால் இன்னும் அழகாக இருக்கும். அங்கே வெள்ளைக் கொக்குப் பாணிக்கு மூலமாகச் சொல்லப்படுபவர் ஃபாங் சின்யாங் என்ற பெண். கொக்கை விரட்டப் போய், அது ஒதுங்கி ஒதுங்கித் தப்புவதைப் பார்த்துக் கலையை உண்டாக்கினார் என்பார்கள். ஒகினாவா ஆசிரியர்கள் கையால் படி எடுத்துப் பாதுகாத்த புபிஷி என்ற சுவடியிலும் இந்தப் பெண்ணின் கதை வருகிறது. கோஜு-ரியூவுக்கு ஒரு தொன்மக் கதை வேண்டும் என்றால், அதன் சொந்த நிலத்திலேயே இப்படி ஒன்று இருக்கிறது.

மியாகி சோஜுன் என்ன செய்தார்? கற்றதை அப்படியே கொடுத்தாரா, மாற்றினாரா?

மாற்றினார், நிறையவே. மியாகி 1888-இல் நாஹாவில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர், பெரியப்பா குடும்பத்துக்கு வாரிசாகத் தத்துப் போனவர். பதினொரு வயதில் அராகாகி ரியூகோ என்பவரிடம் சேர்ந்தார், பதினான்கு வயதில் அவரே கூட்டிப் போய் ஹிகாவொன்னாவிடம் விட்டார். இடையில் 1910 முதல் 1912 வரை ராணுவச் சேவை. பிழைப்புக்காக ஓட வேண்டிய நிலை இல்லாததால் வாழ்நாள் முழுக்கக் கராத்தேக்கே செலவு செய்ய முடிந்தது. பரம்பரையைப் பேசும்போது பணத்தை யாரும் பேசுவதில்லை, ஆனால் அந்த வசதி இல்லாவிட்டால் கோஜு-ரியூ இந்த வடிவத்தில் நமக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1915-இல் ஆசிரியரின் ஆசிரியரைத் தேடி ஃபூஜோ போனார். பிறகு நாஹாவிலேயே தேயிலை வியாபாரம் செய்த ஊ ஷியான்ஹுவெய் என்ற சீனரோடு நெருங்கிப் பழகினார். ஒகினாவாவில் அவரை கோகென்கி என்பார்கள், வெள்ளைக் கொக்குப் பாணி தெரிந்தவர். 1920களின் தொடக்கத்தில் மியாகி உருவாக்கிய டென்ஷோ கட்டாவில் கொக்குப் பாணியின் கை அசைவுகள் தெளிவாகத் தெரியும், திறந்த உள்ளங்கை மணிக்கட்டைச் சுற்றி நீர் ஓடுகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும். 1940-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொதுமக்களுக்கும் எளிதாக இருக்கட்டும் என்று கெகிசாய் கட்டாக்களை அமைத்தார். முறையான உடல் தயாரிப்புப் பயிற்சிகளை வரிசைப்படுத்தியதும் அவர்தான். கட்டையில் கல் செருகிய சீஷி, விளிம்பைப் பிடித்துத் தூக்கும் மண்ஜாடி, குத்திப் பழகும் மகிவாரா இதெல்லாம் ஒகினாவாவில் ஏற்கெனவே இருந்தவை. கொங்கோகென் என்ற நீள்வட்ட இரும்பு வளையம் மட்டும் 1934-இல் ஹவாய் போனபோது மல்யுத்தக்காரர்களிடம் பார்த்துக் கொண்டு வந்தது.

கோஜு-ரியூ என்ற பெயர் எப்படி வந்தது?

மியாகியின் மூத்த மாணவர் ஷின்சாதோ ஜின்ஆன் 1930-இல் டோக்கியோவில் ஒரு பெரிய தற்காப்புக்கலை நிகழ்ச்சியில் கட்டா செய்து காட்டினார். செய்து முடித்ததும் உங்கள் பாணியின் பெயர் என்ன என்று கேட்டார்கள். ஒகினாவாவில் யாரும் அப்படிக் கேட்டதே கிடையாது, அங்கே ஆசிரியர் பெயரைச் சொன்னால் போதும். ஷின்சாதோ அந்த நேரத்துக்கு ஏதோ ஒரு பெயரைச் சொல்லிச் சமாளித்துவிட்டு, ஊர் திரும்பி ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னார். மியாகி கோபப்படவில்லை. புபிஷிச் சுவடியில் எட்டு வரிப் பாடல் ஒன்று இருக்கிறது. அதில் மூச்சை உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் கடினமும் மென்மையும் என்ற பொருளில் ஒரு வரி. அந்தக் கடினம் (கோ), மென்மை (ஜு) இரண்டையும் எடுத்துப் பெயராக வைத்தார். 1933-இல் ஜப்பானின் அரசு ஆதரவுள்ள தற்காப்புக்கலை அமைப்பான தாய் நிப்பொன் புடோகுகாய் அந்தப் பெயரில் பதிவு செய்தது.

மியாகி தன் பாணியின் தொடக்கம் பற்றித் தானே எழுதியிருக்கிறாரா?

எழுதியிருக்கிறார், இதைப் படிக்காமலேயே பலர் பரம்பரை பேசுகிறார்கள். 1934-இல் கராத்தே பற்றி ஒரு சுருக்கமான கட்டுரை எழுதினார். அதில் கராத்தே எப்படி வந்தது என்பதற்கு உள்ள பல கருத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, எதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை என்கிறார். உறுதியாகச் சொல்லக்கூடியதாக அவர் வைப்பது ஒன்றுதான்: 1828-இல் ஃபூஜியன் பாணி ஒன்று ஒகினாவாவுக்கு வந்தது, கோஜு-ரியூ அதிலிருந்து வளர்ந்தது.

ஆண்டைக் கவனியுங்கள். ஹிகாவொன்னா பிறந்தது 1853. அப்படியானால் மியாகியின் கணக்கில் இந்தப் பாணியின் வேர் தன் ஆசிரியர் பிறப்பதற்கு 25 வருடம் முன்பே ஒகினாவா மண்ணில் இறங்கிவிட்டது. ஹிகாவொன்னா மட்டுமே ஃபூஜோவிலிருந்து எல்லாவற்றையும் தூக்கி வந்தார் என்ற வழக்கமான கதைக்கும் இதற்கும் பொருந்தவில்லை. ஆனால் 1867-இல் அராகாகி ஷூரியில் செய்சான் செய்து காட்டினார் என்ற பதிவோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

சரி, இப்போது நாம் செய்யும் கட்டாக்கள் எல்லாம் ஹிகாவொன்னாவிடமிருந்து வந்தவையா?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கோஜு-ரியூவில் பொதுவாகப் பன்னிரண்டு கட்டாக்கள்: கெகிசாய் இரண்டு, சைஃபா, செய்யுன்சின், ஷிசோசின், சான்செரு, செய்பாய், குருருன்ஃபா, செய்சான், சுபாரின்பெய், கூடவே சான்சின், டென்ஷோ. கெகிசாய் இரண்டும் டென்ஷோவும் மியாகி உண்டாக்கியவை, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மீதி ஒன்பது?

இங்கேதான் கியோடா ஜுஹாட்சு முக்கியமாகிறார். 1887-இல் பிறந்தவர், மியாகியைவிட ஒரு வயது மூத்தவர், ஹிகாவொன்னாவிடம் சேர்ந்ததும் மியாகிக்குச் சற்று முன்பு. தன் பாணிக்கு டோன்-ரியூ என்று ஆசிரியரின் குடும்பப் பெயரிலிருந்தே பெயர் எடுத்து வைத்தார், போருக்குப் பிறகு கியூஷுவின் பெப்பு நகரத்துக்குப் போய் 1968 வரை வாழ்ந்தார். ஆசிரியர் கொடுத்ததை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்பதில் மிகவும் பிடிவாதமானவர் என்று பெயர் எடுத்தவர். அவருடைய பாணியில் ஹிகாவொன்னா வழியாக வந்ததாக இருப்பவை நான்கே நான்கு: சான்சின், செய்சான், சான்செரு, பெச்சுரின். பெச்சுரின்தான் நம் சுபாரின்பெய். சைஃபா, செய்யுன்சின், ஷிசோசின், செய்பாய், குருருன்ஃபா ஐந்தும் அங்கே கிடையாது.

ஒரே ஆசிரியர், ஒரே முற்றம், பத்து வருடத்துக்கு மேல் சேர்ந்து பயின்ற இரண்டு மாணவர்கள், ஒருவரிடம் நான்கு, இன்னொருவரிடம் ஒன்பது. இதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. ஹிகாவொன்னா மாணவருக்கு மாணவர் வேறு வேறு கட்டா கொடுத்தார் என்பது முதலாவது, அந்தக் காலத்து ஆசிரியர்கள் அப்படிச் செய்தது உண்மைதான், உடல்வாகு பார்த்துக் கொடுப்பார்கள். மியாகி ஃபூஜோவில் கற்றோ, ஊ ஷியான்ஹுவெய் போன்றவர்களிடமிருந்தோ சேர்த்தார் என்பது இரண்டாவது. மியாகியே அமைத்தார் என்பது மூன்றாவது.

அந்த ஐந்து கட்டாக்களையும் செய்து பார்த்தால் ஒரு விஷயம் உடம்புக்கே புரியும். அவற்றில் அசைவுகள் இடதும் வலதுமாக மாறி மாறி ஒரு ஒழுங்கில் போகும், செய்யுன்சினில் ஒரு பக்கம் செய்ததைப் பெரும்பாலும் மறுபக்கமும் செய்வோம். செய்சானும் சான்செருவும் அப்படி இல்லை, சான்சினைப் போல நேராக மூன்று அடி முன்னே வந்து குத்தித் தொடங்குகின்றன, பிறகு ஒரு பக்கமாக மட்டும் சாய்கின்றன. இந்த இரண்டு தொகுதிகளும் வேறு வேறு ஆள் அமைத்தது மாதிரி இருக்கும். இதை வைத்து, நான்கு கட்டாக்கள் பழையவை, ஐந்து கட்டாக்கள் மியாகி காலத்தில் சேர்ந்தவை அல்லது அவர் கையால் திருத்தப்பட்டவை என்ற பக்கம்தான் நான் சாய்கிறேன். மபுனி கென்வாவின் பாணியிலும் செய்யுன்சின், சைஃபா எல்லாம் இருக்கிறதே என்பார்கள். ஆனால் மபுனி மியாகியோடு நெருங்கிப் பழகியவர், அவரிடமிருந்தே பெற்றிருக்கலாம். இதனால் அந்தக் கட்டாக்களின் மதிப்பு எள்ளளவும் குறையாது.

சான்சினுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மூன்று அடி நடப்பதுதானே?

அந்த மூன்று அடியை ஒருவர் சரியாக நடப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முன்காலின் குதிகாலும் பின்காலின் விரல் நுனியும் ஒரே கோட்டில், பாதங்கள் சற்று உள்நோக்கி, கால் விரல்கள் தரையைப் பற்றிக்கொண்டு இருக்கும். அடி எடுக்கும்போது பாதம் தரையை விட்டுத் தூக்காமல் பிறைபோல வளைந்து வரும். முழங்கை விலாவிலிருந்து ஒரு முஷ்டி தூரம், அதற்கு மேல் விலகாது. தோள் இறங்கியே இருக்கும். கை மெதுவாகப் பின்னே இழுபடும்போது மூச்சு உள்ளே, குத்து போகும்போது மூச்சு அடிவயிற்றிலிருந்து வெளியே. ஆசிரியர் பின்னால் வந்து இரண்டு உள்ளங்கையாலும் தோள்மேல் அறைவார், தொடையைத் தட்டிப் பார்ப்பார், மூச்சு குலைகிறதா, தோள் தூக்குகிறதா என்று பார்க்கத்தான் அது. நாலு நிமிடத்தில் உடம்பு வியர்வையில் நனைந்துவிடும்.

பரம்பரை ஆராய்ச்சிக்கும் இதுதான் சாவி. சான்சின், செய்சான், சான்செரு என்ற மூன்று பெயர்களும் உயெச்சி-ரியூ என்ற வேறொரு ஒகினாவாப் பாணியிலும் இருக்கின்றன. அதைத் தொடங்கிய உயெச்சி கான்புன் 1897-இல் ஃபூஜோ போய் ஜோ ஸீஹே என்பவரிடம் கற்றார், ஹிகாவொன்னாவுக்கும் அவருக்கும் ஆசிரியர் தொடர்பு இல்லை. இருந்தும் ஒரே மூன்று பெயர்கள். அப்படியானால் இவை ஃபூஜோ வட்டாரத்தில் பரவலாக இருந்த பழைய வடிவங்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். உயெச்சி-ரியூவில் சான்சினைக் கை விரித்தே செய்வார்கள், நாம் முஷ்டி மூடிச் செய்கிறோம். ஹிகாவொன்னாவும் முதலில் விரித்த கையோடுதான் சொல்லிக்கொடுத்தார், பிறகு மூடிய முஷ்டிக்கு மாற்றினார் என்பது கோஜு வட்டாரத்துக்குள்ளேயே வழங்கும் செய்தி. திரும்புதல் இல்லாத சுருக்கமான சான்சின் மியாகி அமைத்தது, இரண்டு முறை திரும்பும் நீளமானது ஹிகாவொன்னாவுடையது.

இரண்டாம் உலகப் போரில் இந்தப் பாணிக்கு என்ன ஆயிற்று?

1945 ஒகினாவாப் போரில் கிட்டத்தட்ட அழிந்தே போனது. மியாகியின் பிள்ளைகளில் மூன்று பேர் இறந்தார்கள். அடுத்த தலைவர் என்று எல்லோரும் நினைத்திருந்த ஷின்சாதோ ஜின்ஆன் குண்டுவீச்சில் இறந்தார். நாஹா நகரமே தரைமட்டம். போருக்குப் பிறகு மியாகி காவலர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார், அப்புறம் நாஹாவில் தன் வீட்டுத் தோட்டத்தில், திறந்த வெளியில். 1953 அக்டோபர் 8 அன்று காலமானார், வயது 65.

மியாகிக்கு அதிகாரப்பூர்வ வாரிசு யார்?

ஷின்சாதோ இறந்த பிறகு மியாகி எல்லோரும் ஏற்கும்படி வேறொருவரை அறிவிக்கவில்லை. இன்றைய கிளைச் சண்டைகள் அத்தனைக்கும் காரணம் அதுதான்.

ஒவ்வொரு கிளைக்கும் சொல்ல ஒரு நியாயம் இருக்கிறது. ஹிகா செகோ ஹிகாவொன்னாவிடமே கற்றவர், ஆசிரியர் இறந்தபின் மியாகியிடம் தொடர்ந்தவர், மியாகி இருக்கும்போதே தனி டோஜோ (பயிற்சிக்கூடம்) நடத்தியவர். மியாசாதோ எய்ச்சி ஆசிரியரின் கடைசி வருடங்களில் காவலர் பள்ளியில் உதவியாக இருந்தவர், மியாகியின் பயிற்சிக் கருவிகளோடு ஜுண்டோகான் என்ற டோஜோவைத் தொடங்கினார், மாணவர்கள் கூடித் தேர்ந்தெடுத்தவர் அவரே என்பது அந்தக் கிளையின் வாதம். யாகி மெய்டோகு தொடங்கியது மெய்புகான், 1963-இல் மியாகி குடும்பம் ஆசிரியரின் உடையையும் பெல்ட்டையும் இவரிடம் கொடுத்தது. டோகுச்சி செய்கிச்சி ஷோரெய்கானைத் தொடங்கினார், ஆரம்ப மாணவர்களுக்காகப் புதிய கட்டாக்களும் அமைத்தார். கடைசிக் காலத்தில் இளம் மாணவராக இருந்த மியாகி ஆன்இச்சி, அவரைத் தன் ஆசிரியராகச் சொல்லும் ஹிகாவொன்னா மோரியோ ஒரு வழி, மோரியோ 1979-இல் தொடங்கிய அமைப்பு இன்று பல நாடுகளில் இருக்கிறது. ஆன்இச்சி மியாகி சோஜுனின் மகன் இல்லை, மோரியோ கான்ரியோவின் பேரன் இல்லை, குடும்பப் பெயர்தான் ஒன்று.

ஒரே வாரிசு நாங்கள்தான் என்று எந்தக் கிளை சொன்னாலும் எனக்கு ஏற்பில்லை. மியாகி ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அளவில் கொடுத்தார். 1930களில் கற்றவரின் செய்பாய்க்கும் 1950களில் கற்றவரின் செய்பாய்க்கும் வேறுபாடு இருந்தால் இரண்டும் ஆசிரியரிடமிருந்தே வந்ததாக இருக்கலாம்.

கோஜு-காய் என்றால் வேறு பாணியா?

பாணி அதேதான், கிளை வேறு. யமாகுச்சி கோகென் ஜப்பானியப் பெருநிலத்தில் வளர்த்தது அது. 1930களில் கியோட்டோவின் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்தில் கராத்தே வளர்த்தவர், போரின் முடிவில் மஞ்சூரியாவில் சோவியத் கைதியாகி 1947-இல் திரும்பியவர். நீண்ட தலைமுடிக்காரர், பூனை என்பது பட்டப்பெயர். கட்டாவை மட்டும் நம்பாமல் இருவர் சுதந்திரமாக மோதும் பயிற்சியை வளர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நடையிலும் அசைவு நேரத்திலும் ஒகினாவாக் கிளைகளிலிருந்து கோஜு-காய் வேறுபடும், அதைப் பார்த்து ஒருவரை ஒருவர் தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

கியோகுஷினும் இதிலிருந்து வந்ததா?

ஒரு பாதி. கியோகுஷின் என்ற கராத்தேப் பாணியைத் தொடங்கிய ஓயாமா மசுதாட்சு ஷோட்டோகானும் கோஜு-ரியூவும் இரண்டும் கற்றவர், கோஜுவை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் சோ நெய்-சூ என்ற கொரியர். கியோகுஷினில் இன்றும் சான்சின், டென்ஷோ, சைஃபா, கெகிசாய் எல்லாம் செய்கிறார்களே, அது இந்த வழியில் போனது.

மியாகி யாருக்காவது பிளாக் பெல்ட் கொடுத்தாரா?

ஒகினாவா மாணவர்களுக்கு அவர் டான் என்ற பிளாக் பெல்ட் தரங்கள் கொடுக்கவில்லை. அந்த முறை ஜூடோவிலிருந்து வந்தது, கராத்தேயில் 1924-இல் ஃபுனகோஷி கிச்சின் டோக்கியோவில் தொடங்கிவைத்தார். ஆகவே "மியாகியிடம் நேரடியாக எட்டாவது டான் பெற்றவர்" என்று யாராவது எழுதியிருந்தால் கவனமாக இருங்கள்.

நான் பயிலும் வகுப்பு எந்தக் கிளை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாஸ்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: உங்கள் ஆசிரியர் யார், அவருக்கு ஆசிரியர் யார்? கோஜு-ரியூவில் மியாகி வரைக்கும் நாலைந்து பெயர்களுக்குள் போய்விடலாம், இது ஒன்றும் புராண காலத்துப் பாணி இல்லை. நல்ல மாஸ்டர்கள் இந்தக் கேள்வியை விரும்புவார்கள். சுவரில் யார் படம் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள், மியாகி படத்துக்கு அடுத்து இருப்பவர்தான் உங்கள் கிளை.

கட்டாவும் காட்டிக்கொடுக்கும். கெகிசாயோடு கெகிஹா, காக்குஹா என்ற பெயர்களும் வந்தால் அது டோகுச்சியின் ஷோரெய்கான் வழி. டென்ச்சி, செய்ரியூ, பியாக்கோ என்று வந்தால் யாகியின் மெய்புகான். தொடக்கத்திலேயே தைக்யோகு வரிசை இருந்தால் பெரும்பாலும் யமாகுச்சி வழி. இவை எதுவும் இல்லாமல் பன்னிரண்டு கட்டாக்களும் கூடவே சீஷி, மண்ஜாடிப் பயிற்சியும் மட்டும் இருந்தால் ஜுண்டோகான் பக்கமோ மோரியோ பக்கமோ இருக்க வாய்ப்பு அதிகம்.